மூணாவது ஓட்டையில சொருகவா, மாமா? 'கிரவுண்ட்' என்ற சொல்லின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு கறுப்பு வயரைப் பத்திப் பேசப் போறேன். ஒரு சாண் நீளம்தான். அது இல்லாததால எங்க குடும்பத்துல போன நவராத்திரியில மூணு நாள் பிரச்சினை.

அக்கா வீட்டில் கொலு. அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கொலுப்படி ஓரத்தில் கலர் மாறுகிற எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி, அதை ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு வைத்து இயக்கலாம் என்பது அவன் யோசனை. ஸ்ட்ரிப்பில் 60 விளக்குகள். ஒரு விளக்கு முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். 60 விளக்குக்கும் சேர்த்தால் 3.6 ஆம்பியர். போர்டிலிருந்து அவ்வளவு எடுக்க முடியாது. அதனால் ஸ்ட்ரிப்புக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் அடாப்டர் வாங்கினோம். எதை எதோடு இணைக்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தது நான். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் இணைத்தது அவன்.

ஆன் செய்தால் பேய் பிடித்த மாதிரி ஆடியது. நீலம் கேட்டால் பச்சை வந்தது. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னால் நடுவில் நாலு விளக்கு மட்டும் மினுக்கியது. யாராவது கையைக் கிட்டே கொண்டுபோனால் கலர் மாறியது. வந்த மாமிகளில் ஒருவர் "நல்லா இருக்கே, ஆள் வந்தா தெரிஞ்சுக்குது!" என்று பாராட்டிவிட்டு வேறு போனார்.

முதல் ராத்திரி கோடை மாற்றி எழுதினேன். ரெண்டாவது ராத்திரி மெமரி கார்டை அழித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். மூணாவது ராத்திரி, தூக்கம் வேற இல்லை, அவனைப் பார்த்துச் சொல்லிட்டேன்: "எங்கேயோ தப்பா சொருகி போர்டை எரிச்சிட்ட போல." அவன் "நான் ஒண்ணும் பண்ணல, மாமா"ன்னு மட்டும் சொன்னான். அப்புறம் அந்தப் படிக்கட்டுப் பக்கமே அவன் வரலை.

மறுநாள் காலையில் ஒரு மல்டிமீட்டரை எடுத்தேன். போர்டின் கிரவுண்ட் பின்னில் ஒரு முனை, ஸ்ட்ரிப்பின் மைனஸில் இன்னொரு முனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஆனால் எண் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. போர்டுக்கு ஒரு அடாப்டர், ஸ்ட்ரிப்புக்கு ஒரு அடாப்டர், நடுவில் ஒரு சிக்னல் வயர். ரெண்டு பக்கத்து கிரவுண்டையும் சேர்க்கிற வயர் என் படத்திலேயே இல்லை.

எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். "டேய், போர்டு நல்லா இருக்கு. தப்பு என்னோடது. கிரவுண்ட் குடுக்க மறந்துட்டேன். நீயே வந்து அந்த வயரைப் போடு"ன்னேன். அவன் கேட்ட கேள்விதான் இந்த எபிசோடு.

"கிரவுண்டுன்னா... சுவத்து பிளக்குல மூணாவதா பெரிய ஓட்டை இருக்கே, அதுல சொருகவா, மாமா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. அவன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. அந்த ஓட்டைக்கும் எர்த், கிரவுண்ட் என்றுதான் பெயர். போர்டில் ஆறாவது பின்னுக்கும் கிரவுண்ட் என்றுதான் பெயர். ரெண்டும் வேற வேற விஷயம். எப்படி ஒரே பெயர் வந்தது? அதுக்கு 1838-க்குப் போகணும்.

ஒரு வயரை மிச்சம் பிடித்த மண்

மின்சாரத்துக்கு எப்போதும் போகவும் வழி வேண்டும், திரும்பவும் வழி வேண்டும். தந்தி வந்த புதிதில் அதனால் குறைந்தது இரண்டு கம்பியாவது இழுத்தார்கள். பல மைல் தூரத்துக்கு இரண்டு கம்பி என்றால் செலவு எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற இயற்பியலாளர் ஒரு குறுக்குவழி தேடினார். தண்டவாளம்தான் ஏற்கெனவே போட்டிருக்கிறதே, இரண்டு தண்டவாளத்தையும் இரண்டு கம்பியாக வைத்துக்கொள்ளலாமே என்று நியூரம்பெர்க்–ஃபூர்த் ரயில் பாதையில் முயன்று பார்த்தார். வேலைக்கு ஆகவில்லை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருந்தது.

இங்கே நாமாக இருந்தால் சோதனை தோல்வி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் வேறு மாதிரி யோசித்தார். மண் இவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்றால், திரும்பும் வழியாக மண்ணையே வைத்துக்கொண்டால் என்ன? இரண்டு முனையிலும் உலோகத் தகட்டைப் புதைத்தார். நடுவில் ஒரே கம்பி. தந்தி போனது. பாதிக் கம்பி மிச்சம்.

நம்ம பக்கத்திலும் இது நடந்தது. அடுத்த வருடமே, 1839-ல், கல்கத்தாவில் ஓஷானஸி என்ற மருத்துவர் சோதனைத் தந்திப் பாதை போட்டார். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே மின்சுற்றின் ஒரு பகுதியாக அவர் பயன்படுத்திப் பார்த்தார். பின்னால் இந்தியாவின் தந்தி அமைப்பைக் கட்டியவரும் அவர்தான்.

ஆக, அந்தக் காலத்தில் கிரவுண்ட் என்றால் நிஜமான மண். புதைத்த தகடு, ஈரம், ஆறு. பெயருக்கும் பொருளுக்கும் எந்தச் சண்டையும் இல்லை.

மண் எல்லா இடத்திலும் ஒன்றா?

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இங்கே இருக்கும் மண்ணும் நூறு மைல் தள்ளி இருக்கும் மண்ணும் மின்சார விஷயத்தில் ஒரே மட்டம், இரண்டுமே பூஜ்யம். தினசரி வேலைக்கு இது ஏறக்குறைய சரிதான். ஆனால் "ஏறக்குறைய" என்கிற சொல்லில்தான் பொறியியலின் தலைவலிகள் எல்லாம் குடியிருக்கின்றன.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்ற வானியலாளர் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பைப் பார்த்தார். அடுத்த நாளே பூமியில் காந்தப் புயல். வழக்கமாகத் துருவங்களின் பக்கம் மட்டும் தெரிகிற வண்ண ஒளி வெகு தெற்கு வரை தெரிந்தது. தந்தி ஆபீஸ்களில் கருவிகள் தாமாகவே துடித்தன. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லேண்ட் ஆபீஸ்களில் இருந்த தந்திக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு பக்கமும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, புயல் கொடுத்த மின்சாரத்திலேயே பேசினார்கள். பேட்டரி இல்லாமலே தந்தி போனது.

அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? இந்த ஊர் மண்ணுக்கும் அந்த ஊர் மண்ணுக்கும் நடுவே அன்றைக்கு ஒரு வோல்டேஜ் வித்தியாசம் உருவாகியிருந்தது. "பூஜ்யம்" என்று இரண்டு பேரும் நம்பிய இரண்டு இடங்கள் ஒரே பூஜ்யம் இல்லை.

இதுதான் இன்றைய கதையின் மையம். வோல்டேஜ் என்பது ஓர் இடத்தில் தனியாக இருக்கிற பொருள் அல்ல. எப்போதும் இரண்டு இடத்துக்கு நடுவே உள்ள வித்தியாசம். "இந்தப் பின்னில் 3.3 வோல்ட் இருக்கு" என்று சொன்னால், "எதிலிருந்து பார்த்தால்?" என்ற கேள்வி கூடவே வர வேண்டும். "எங்க வீடு அஞ்சாவது மாடி" என்கிறோமே, தரைத்தளம் எது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ரெண்டு கட்டடம் வேறு வேறு உயரத்தில் மிதந்துகொண்டிருந்தால், இந்த அஞ்சாவது மாடியிலிருந்து அந்த அஞ்சாவது மாடிக்குப் பலகை போட முடியுமா?

எங்க கொலுவில் நடந்தது அதுதான். போர்டு தன் கிரவுண்டிலிருந்து அளந்து சிக்னல் அனுப்பியது. ஸ்ட்ரிப் தன் கிரவுண்டிலிருந்து அளந்து அதைப் படித்தது. ரெண்டு கிரவுண்டும் தனித்தனியாக மிதந்தன. மாமி கை கிட்டே வந்தபோது அவர் உடம்பு வழியாக அந்த மிதப்பு கொஞ்சம் மாறியது, கலரும் மாறியது. ஸ்ட்ரிப்புக்கு ஆள் வந்தது தெரியவில்லை, பாவம். அதற்குத் தரை எங்கே என்றே தெரியவில்லை.

டிராம் ஓடியது, டெலிபோன் இரைந்தது

தந்திக்குப் பிறகு டெலிபோன் வந்தது. அதுவும் ஆரம்பத்தில் ஒரே கம்பி, திரும்ப மண். தந்தியில் டக், டக் என்ற அடையாளம் மட்டும் போனால் போதும், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் சமாளிக்கலாம். டெலிபோனில் போவது மனிதக் குரல். காதை வைத்துக் கேட்பவருக்கு மண்ணில் ஓடுகிற ஒவ்வொரு கசிவும் கேட்கும்.

1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் பெரிய அளவில் மின்சார டிராம் ஓட்டிக் காட்டினார். மற்ற ஊர்களும் ஆரம்பித்தன. டிராமுக்கு மேலே ஒரு கம்பியில் மின்சாரம் வரும், தண்டவாளம் வழியாகத் திரும்பும். திரும்பும்போது அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசியும். டெலிபோன்காரர்களும் அதே மண்ணைத்தான் தங்கள் திரும்பும் வழியாக வைத்திருந்தார்கள். டிராம் கிளம்பினால் போனில் "ஙொய்ய்". ஒரே ஓடையில் ஒருத்தர் துணி துவைக்க, இன்னொருத்தர் குடிக்கத் தண்ணி எடுத்த கதை.

இதற்குத் தீர்வு பழைய வழிக்கே திரும்புவதுதான். ஒவ்வொரு டெலிபோன் பாதைக்கும் சொந்தமாக ஒரு திரும்பும் கம்பி போட்டார்கள். ஸ்டைன்ஹைல் மிச்சம் பிடித்த கம்பியை ஐம்பது வருடம் கழித்து எல்லா ஊரிலும் மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, 1881-ல், கிரகாம் பெல் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும் என்பது அதன் சாரம். உங்க வீட்டு இன்டர்நெட் கேபிளை வெட்டிப் பாருங்க. உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது அந்த யோசனைதான்.

பெயர் மட்டும் மிஞ்சியது

இந்த இடத்தில்தான் சொல் ரெண்டாகப் பிரிகிறது.

ஒரு கிளை நம் வீட்டுச் சுவருக்கு வந்தது. அதன் வேலை உயிரைக் காப்பது. கிரைண்டருக்குள் ஒரு கம்பி உரசி அதன் உலோக உடம்புக்குக் கரண்ட் வந்துவிட்டால், அந்தக் கரண்ட் உங்கள் வழியாகப் போகாமல் எர்த் வயர் வழியாகப் போக வேண்டும். அப்படிப் பெருகி ஓடும்போது ஃபியூஸ் போக வேண்டும். நம் ஊர் உருளைப் பின் பிளக், 1934-ல் வெளிவந்த பிரிட்டிஷ் தரத்தின் வாரிசு. எர்த் பின் மட்டும் தடித்து நீண்டிருக்கும், சொருகும்போது அதுதான் முதலில் தொடும். எங்க தாத்தா வீட்டுக் கொல்லையில எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் போட்டு மூடியிருப்பாங்க. சித்திரை வெயில்ல "அதுல ஒரு குடம் தண்ணி ஊத்துடா"ம்பார். சின்ன வயசுல செடி எதுவும் இல்லாத இடத்துக்கு ஏன் தண்ணி ஊத்தச் சொல்றார்னு நினைச்சிருக்கேன். மண் காய்ந்தால் அது மின்சாரத்தை வாங்காது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இன்னொரு கிளை ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் போனது. அங்கே மண்ணே கிடையாது. சுற்றில் ஒரு கம்பியைப் பொதுவாக வைத்து, "இதுதான் பூஜ்யம், மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்து அளப்போம்" என்று ஒப்புக்கொண்டார்கள். திரும்பும் கரண்ட் எல்லாம் அது வழியாகப் போகும். மொபைல் போனுக்குள் கிரவுண்ட் இருக்கிறது, அது உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. செயற்கைக்கோளுக்குள்ளும் கிரவுண்ட் இருக்கிறது, அதைச் சுற்றி எங்கும் மண் இல்லை. பெயர் மட்டும் பழைய காலத்துப் பட்டா மாதிரி தொடர்ந்து வருகிறது.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மாதிரி சில கருவிகளில் இந்த இரண்டும் உள்ளே ஓரிடத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். அது கருவியை வடிவமைத்தவர்கள் முறைப்படி செய்வது. நாம் கையில் வயரோடு செய்வது இல்லை.

அதனால அவனுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன். சுவத்து ஓட்டையில எந்தக் காரணத்துக்கும் ஜம்பர் வயரைச் சொருகாதீங்க. பக்கத்து ஓட்டை 230 வோல்ட். பழைய வீட்டில் யார் எந்த வயரை எங்கே மாற்றிப் போட்டார்களோ தெரியாது. வீட்டில் வேறொரு மெஷின் கோளாறானால் அந்த எர்த் வயரிலேயே கரண்ட் வரலாம். போர்டுக்குத் தேவை மண் இல்லை. போர்டும் ஸ்ட்ரிப்பும் ஒரே பூஜ்யத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு சாண் வயர் போதும்.

ஒரு பூச்சி, ஒரு தூண், ஒரு பொத்

கிரவுண்ட் சரியாக இருந்தாலும், வயர் நிஜமாகவே தொடுகிறதா என்று ஒரு கேள்வி இருக்கு. கம்ப்யூட்டர் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விதான்.

1947 செப்டம்பர் 9. ஹார்வர்டில் மார்க் 2 என்ற ரிலே கம்ப்யூட்டர் தகராறு செய்தது. ரிலே என்றால் மின்காந்தம் இழுத்து மூடித் திறக்கும் சுவிட்ச். தேடிப் பார்த்தால் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி. அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, நிஜமாகவே 'பக்' கிடைத்த முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். எழுதிய விதத்திலேயே கிண்டல் தெரியும், ஏனென்றால் கோளாறை 'பக்' என்று சொல்வது அதற்கு வெகு முன்பே இருந்தது. எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த நோட்டு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வாங்க. ஒண்ணை மட்டும் யாரும் கவனிக்கிறதில்லை: இன்று 'பக்' என்றால் கோடில் தப்பு. அன்று கோடில் தப்பே இல்லை. அது ஒரு கனெக்‌ஷன் பிரச்சினை!

சந்திரனுக்குப் போன அப்போலோ கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான இணைப்புகளை வேறொரு முறையில் செய்தார்கள். சதுரமான சின்ன உலோகத் தூண், அதன்மேல் வயரை மெஷினால் இறுக்கிச் சுற்றுவது. தூணின் கூர்மையான விளிம்புகள் வயருக்குள் கடித்து உட்காரும். அந்த இடத்தில் காற்றுகூடப் புகாது, அதனால் துரு ஏறாது. ராக்கெட் அதிர்ந்தாலும் கழறாது.

எதிர்ப்பக்கம் போனால் 1980-ன் ஆப்பிள் 3. அதில் சிப்புகள் தங்கள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பித் தளர்ந்துவிட்டன. மெஷினைச் சில அங்குலம் தூக்கி மேஜைமேல் பொத்தென்று போடுங்கள், சிப் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னதாக அந்தக் காலத்துக் கதை. பழைய டிவியை மேலே தட்டினால் படம் வந்ததே, அதே வைத்தியம்.

இணைக்கும் வேலை நம் கைக்கு வந்தது

1976-ல் கிம்-1 வந்தது. ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டர், விலை 245 டாலர். ஆனால் பவர் சப்ளை கூட வராது; 5 வோல்ட்டை நீங்களே ஏற்பாடு செய்து இணைக்க வேண்டும். பயிற்சி பெற்ற பொறியாளர்களிடம் இருந்த வேலை பொழுதுபோக்குக்காரர்கள் மேஜைக்கும் வந்தது.

பிரெட்போர்டும் அதே காலம்தான். ரேடியோ ஆர்வலர்கள் முன்பு நிஜமாகவே ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணி அடித்துச் சுற்று கட்டினார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. சால்டர் தேவைப்படாத இப்போதைய வெள்ளைப் பலகையின் வடிவத்துக்கு ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர் 1971-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஓட்டைக்குள் ஒரு ஸ்பிரிங் தகடு வயரைக் கவ்விக்கொள்ளும். நூறு தடவை சொருகி எடுத்தால் கவ்வல் தளரும். அப்போலோவின் தூணும் இந்த ஓட்டையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது.

2012 பிப்ரவரி 29-ல் ராஸ்பெர்ரி பை வந்தது. 35 டாலர், பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிக் கற்க வேண்டும் என்பது நோக்கம். 2014-லிருந்து அதில் 40 பின். அந்த 40-ல் எத்தனை கிரவுண்ட் தெரியுமா? எட்டு. 5 வோல்ட்டுக்கு இரண்டு, 3.3-க்கு இரண்டு, கிரவுண்டுக்கு மட்டும் எட்டு. வடிவமைத்தவர்களுக்குத் தெரியும், போகிற ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும் என்று.

அவர்களே கனெக்‌ஷனில் சறுக்கியதும் உண்டு. 2019 ஜூனில் வந்த பை 4-ல் பவருக்கு யூஎஸ்பி-சி துளை. எதிர்முனையில் இருப்பது என்ன கருவி என்று சார்ஜர் கண்டுகொள்ள, இரண்டு பின்களில் தலா ஒரு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். முதல் போர்டுகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. விளைவு என்ன தெரியுமா? சாதாரண கேபிளில் வேலை செய்தது. உள்ளே அடையாளச் சிப் வைத்த விலையுயர்ந்த கேபிளில், சார்ஜர் இதை ஏதோ ஆடியோ கருவி என்று நினைத்துக் கரண்ட் தர மறுத்தது. தவற்றை ஒப்புக்கொண்டு அடுத்த திருத்தத்தில் சரிசெய்தார்கள். உலகம் முழுக்க விற்கிற போர்டிலேயே ஒரு ரெசிஸ்டர் விடுபடுகிறது. என் படத்தில் ஒரு வயர் விடுபட்டதில் அதிசயம் இல்லை. ஆனால் தப்பை அடுத்தவன் மேல் போட்டதுதான் தப்பு.

கோட் கடைசி

சரி, உங்க போர்டு தகராறு பண்ணினா என்ன செய்யணும்? இந்த வரலாறே ஒரு வரிசை சொல்லித் தருது.

முதல்ல பவர். திரை ஓரத்தில் மின்னல் அடையாளம் வந்தால், போர்டுக்கு வரும் வோல்டேஜ் சுமார் 4.63-க்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அடாப்டர் 5 வோல்ட் கொடுத்தும் ஏன் குறையுது? கேபிள். மெல்லிசான கேபிளின் இரண்டு கம்பிக்கும் சேர்த்து 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், மிச்சம் 4.6. அதனால் போர்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது பின்னுக்கும் ஆறாவது பின்னுக்கும் நடுவே அளக்கணும். மீட்டர் முனை பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கங்க.

அடுத்தது கிரவுண்ட். எல்லா பவரையும் ஆஃப் செய்துவிட்டு மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைங்க. ஒரு முனை போர்டின் கிரவுண்ட் பின்னில். இன்னொரு முனை பிரெட்போர்டு ஓட்டையில் இல்லை, சென்சாரின் காலிலேயே. பீப் வரணும். பல பிரெட்போர்டுகளில் ஓரத்து நீளமான பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்பு, நீலக் கோடு அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்க. கோடு விட்டால் உள்ளே தகடும் விட்டிருக்கும். இரண்டு அடாப்டர் இருந்தால் இரண்டின் மைனஸும் சேர்ந்திருக்கா? பவர் கொடுப்பதற்கு முன்பே அதைச் சேர்த்துவிடணும்.

மூணாவது, தொடுகிறதா? ஜம்பர் வயரின் மேல்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். பீப் கேட்டுக்கொண்டே வயரை மெல்ல ஆட்டுங்க. சத்தம் விட்டு விட்டு வந்தால் யோசிக்காம அதைத் தூக்கிப் போடுங்க. மறுபடி டப்பாவில் போட்டால் அடுத்த மாசம் அதே வயர் அதே வேலையைக் காட்டும்.

நாலாவது, எதோடும் சேராத பின். பட்டன் அழுத்தாதபோது அந்தப் பின் எங்கே நிற்கணும் என்று ஒரு ரெசிஸ்டர் சொல்லணும். இல்லாவிட்டால் அது காற்றில் ஆடும் கொடி மாதிரி, வீட்டு வயரிங்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாங்கிக்கொண்டு இஷ்டத்துக்கு ஒன்று, பூஜ்யம் காட்டும். அப்படியே ஞாபகம் வைங்க, பையின் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் நிஜமாகவே எரியும்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் கோட். நான் மூணு ராத்திரி இந்த வரிசையைத் தலைகீழா செஞ்சேன். கோட்லதான் எனக்குப் பழக்கம், அதனால கோட்லயே தேடினேன். வெளிச்சம் இருக்கிற இடத்துல சாவியைத் தேடுறவன் கதை.

அன்னைக்குச் சாயந்தரம் அவன் வந்தான். மல்டிமீட்டரை அவன் கையில குடுத்தேன். என் படத்தை வாங்கி, விடுபட்ட கோட்டை அவனே சிவப்புப் பேனாவில் போட்டான். கறுப்பு வயரின் ஒரு முனையைப் போர்டின் ஆறாவது பின்னிலும் இன்னொரு முனையை அடாப்டரின் மைனஸிலும் மாட்டினான். பீப் பார்த்தான். அப்புறம் சுவிட்சைப் போட்டான். படி முழுக்க நீலம், ஆடாமல் நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா, அப்ப நான் எரிக்கலைல்ல?"ன்னு கேட்டான்.

"இல்லைடா. படமே தப்பு"ன்னேன்.

ஒரு போர்டு எரிந்தால் இன்னொன்று வாங்கலாம். நாமதான் எரிச்சிட்டோம் என்று நம்பிக் கையை எடுத்துக்கொள்கிற பையன் மறுபடி தொட ரொம்ப நாளாகும். அடுத்த முறை யாராவது ஒரு போர்டைக் கொண்டுவந்து "வேலை செய்யல"ன்னு சொன்னால், "நீ என்ன பண்ணின?" என்று ஆரம்பிக்காதீங்க. "கிரவுண்ட் எங்கே?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.